ஒருமுறை மட்டும் கேட்கிற ஊர்

"கோப்பி குடிக்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டு வாயை மூடுவதற்குள், "ஓம், பால் கொஞ்சம், சீனி வேண்டாம்" என்று சொல்லிவிடுகிற என் வயதுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாமா இப்படி ஆகிப்போனோம்? நம் தாய்மார் வளர்த்த வளர்ப்பா இது? பிறர் வீட்டில் எதையாவது நீட்டினால் முதல்முறை தலையை ஆட்டி மறுக்க வேண்டும். இரண்டாம் முறை அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாம் முறை அம்மா கண்ணால் உத்தரவு தந்தபிறகு ஒன்றே ஒன்று எடுக்கலாம். பேசப் பழகும் முன்னரே நமக்குப் பழக்கிய பாடம் இது. இப்போது ஐம்பதை எட்டிப் பார்க்கிறோம், படியேறினால் மூட்டு வலிக்கிறது, வாசிக்கக் கண்ணாடி வேண்டும், கூச்சம் மட்டும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

நான் சொல்லப்போவது தொண்ணூறுகளில் மொன்றியலில் கழிந்த ஒரு பனிக்காலத்தையும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த சேறும் சகதியுமான வசந்தத்தையும். எனக்கு அப்போது பத்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக நாளாகவில்லை. செங்கல் வீடொன்றின் இரண்டாம் தட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். வீட்டுக்குப் போகும் இரும்புப் படி வெளிச்சுவரோடு வளைந்து ஏறும். அது உறைந்த நாட்களில் அம்மா கம்பியைக் கட்டிப்பிடித்தபடி பக்கவாட்டாக இறங்குவார். பழைய உடுப்புக் கடையில் வாங்கிய மண்ணிற மேலங்கி ஒன்று அவருக்கு இருந்தது. அதில் ஒரு பொத்தானின் நிறம் இன்னொன்றுக்கு இல்லை. தாளித்த வெங்காயத்தின் மணமும் ஈரக் கம்பளியின் மணமும் அதற்குள் நிரந்தரமாகக் குடியிருந்தன. பிறகு வீடு மாறியபோது அது எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது. கையில் கிடைத்தால் இன்று பட்டுச்சேலையோடு மடித்து வைப்பேன்.

கீழ்வீட்டில் இருந்தவரை நாங்கள் மதாம் என்றே சொல்வோம். கட்டையாக வெட்டிய நரைத்த தலை, உரத்த சிரிப்பு. கடுங்குளிரிலும் வாசலில் நின்றுதான் சிகரெட் பிடிப்பார். இரண்டு தெரு தள்ளி ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் கார்டெரி ஒன்று இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் சின்னப் பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகும் இடம். அதை நடத்தியவர் மதாம்தான். நல்ல மனுஷி. ஆனால் அம்மாவின் தீர்ப்பில் அவருக்குப் பழக்கவழக்கம் ஒன்றும் தெரியாது.

முதல் குற்றம், "சவா?" என்பது. சுகமா என்று அர்த்தம். இந்த ஊரில் எதிரே வருகிற எல்லோரும் அதைச் சொல்வார்கள். அம்மா அதை உண்மையான கேள்வி என்று நம்பினார். மதாம் படியடியில் "சவா?" என்றதும் அம்மா நின்று, என்னை இழுத்து முன்னே விட்டு, "சொல்லு பிள்ளை, அப்பாக்கு ரெண்டு நாளா இருமல், எனக்குக் குதிக்காலெல்லாம் வெடிச்சுப்போச்சு, ஊரிலயிருந்து கடிதமும் வரேல்லை" என்று தொடங்குவார். குதிக்கால் வெடிப்புக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மதாம் தெருமுனையில் திரும்பியிருப்பார்.

"சுகமோ எண்டு கேட்டவ, பதிலைக் கேக்காமல் போறா. பேந்து என்னத்துக்குக் கேட்டவ?"

"அது கேள்வியில்லையப்பா, வணக்கம் மாதிரி" என்பார் அப்பா.

"அப்ப வணக்கம் எண்டே சொல்லட்டுமன்!"

இரண்டாவது குற்றம் தட்டு. அம்மா ஒருநாள் உளுந்துவடை சுட்டு, சில்வர் தட்டில் வைத்து, என்னிடம் கொடுத்து அனுப்பினார். மறுநாள் மதாம் அந்தத் தட்டைப் பளபளவென்று கழுவித் துடைத்துப் படியடியில் என்னிடம் திருப்பித் தந்தார். அதில் ஒன்றும் இல்லை. அம்மா தட்டைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார்.

"வெறுந் தட்டைத் திருப்பிக் குடுக்கிறதோ! ஒரு தோடம்பழம், ஒரு பிடி சீனி, ஒண்டுமில்லாட்டி ஒரு கறிவேப்பிலைக் கொத்தெண்டாலும் வைக்கத் தெரியாதே?"

மதாமிடம் கறிவேப்பிலைக்கு எங்கே போவது என்று அப்பா கேட்டார். அன்று பொழுதுபடும்வரை அம்மா அப்பாவோடு கதைக்கவில்லை.

மூன்றாவது குற்றம்தான் பெரியது. நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை மதாம் எங்களைக் கோப்பிக்கு அழைத்தார். அம்மா சேலை கட்டி, அதற்குமேல் கம்பளிச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி வாரி, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மதாமின் குசினியில் மேப்பிள் பாகு ஊற்றிச் செய்த ஏதோ ஓர் இனிப்பு, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தது. அந்த மணத்தை நான் இன்னும் மறக்கவில்லை. வெண்ணெயும் பாகும் ஓரங்களில் கருகி, யன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்திருந்தது. மதாம் கத்தியை எடுத்துக்கொண்டு, ஒரு துண்டு வேண்டுமா என்று அம்மாவைக் கேட்டார்.

"நோன், மெர்சி" என்றார் அம்மா. வேண்டாம், நன்றி. அம்மா முதன்முதல் படித்த பிரெஞ்சு அதுதான். எவ்வளவு அழகாகச் சொன்னார் தெரியுமா! தலையைச் சற்றே சாய்த்து, சிரித்து, ஒரு பெரிய வீட்டுப் பெண்ணின் தோரணையோடு.

மதாம் என்னைக் கேட்டார். நானும் வளர்ப்புப் பிசகாமல் "நோன், மெர்சி" என்றேன்.

"நல்லது" என்று மதாம் தனக்கு ஒரு பெரிய துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் உட்கார்ந்தார். உண்மையாகச் சொல்கிறேன், கடைசித் துணுக்குவரை சாப்பிட்டார். நடுநடுவே குளிரைப் பற்றிக் கதைத்தார். நான் அந்த முள்ளுக்கரண்டி மேலே போய்க் கீழே வருவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தரம் கேட்பார் என்று அம்மாவும் காத்திருந்தார். கோப்பி முடிந்தது, கதை முடிந்தது, நாங்கள் வெறும் வயிற்றோடு படியேறினோம்.

"எங்களை முன்னால இருத்திப்போட்டுத் தான் தனியத் திண்டவ!" கம்பளிச் சட்டையைக் கழற்றும் முன்னரே அம்மா வெடித்தார். "ஒருக்காக் கேட்டால் ஆர் ஓமெண்டு சொல்லுவினம்? நாங்களென்ன காஞ்ச மாடே?"

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அந்த மனுஷி எங்கள் பேச்சை மதித்துத்தான் இரண்டாம் முறை கேட்கவில்லை. வேண்டாம் என்ற ஒருவரை மறுபடி கேட்பது, நீ சொன்னதை நான் நம்பவில்லை என்று முகத்தில் அடிப்பதுபோல அவர்களுக்கு. அம்மாவுக்கோ இரண்டாம் முறை கேட்காதது, உன்னை நான் பொருட்படுத்தவில்லை என்பதற்குச் சமம். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் நடந்தார்கள். நடுவில் பசியோடு இருந்தவள் நான்.

புதுவருடம் பிறந்தது, அப்பா படுத்தார். துறைமுகத்துப் பக்கம் ஒரு பண்டகசாலையில் அவருக்குப் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. பாரமான பெட்டியொன்றைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. வைத்தியர் படுக்கச் சொல்லிவிட்டார். அதைவிட்டால் எங்களுக்கு வேறு வருமானம் இல்லை. வீடு முழுக்கத் தைல மணம். இறைச்சி நின்று, மீன் நின்று, பருப்பும் சோறுமாக நாட்கள் போயின. அம்மாதான் வேலைக்குப் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் மொழி தெரியாத அம்மாவுக்கு யார் வேலை தரப்போகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கு உள்ளூர ஆசையும் இருந்தது. "யன்னலுக்கால பனியைப் பாத்துப் பாத்து எனக்கு விசர் பிடிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் மதாம் முதன்முறையாக எங்கள் படியேறி வந்தார். சப்பாத்தில் பனி என்று உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். கார்டெரியில் சமைத்துக்கொண்டிருந்த பெண் லவாலில் இருக்கும் மகளோடு போய்விட்டாராம். உங்கள் வீட்டுச் சமையல் மணம் ஒவ்வொரு நாளும் என் கதவுவரை வருகிறது, உங்களுக்கு வந்து சமைக்க விருப்பமா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு கணம் அப்படி மலர்ந்தது. அடுத்த கணம் தலையைக் குனிந்து, கன்னத்தில் கைவைத்து, சிரித்தார்.

"நோன், நோன், மெர்சி."

பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கெங்க உதெல்லாம் தெரியும் எண்டு சொல்லு" என்றார். அதையும் சொன்னேன்.

"டக்கோர்" என்றார் மதாம். சரி என்று அர்த்தம். நல்ல பகலாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு இறங்கிவிட்டார்.

அம்மா அந்தச் சிரிப்பு மாறாமல் வாசலிலேயே நின்றார். இரண்டாம் முறை கேட்கும்போது எப்படித் தயங்கித் தயங்கிச் சம்மதிப்பது என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தார். கீழ்க்கதவு மூடும் சத்தம் கேட்டது.

"போட்டாவோ?" என்றார் அம்மா.

"ஓம்."

"நாளைக்கு வருவா. உடன ஓமெண்டால் அலையிறம் எண்டெல்லோ நினைப்பா."

மறுநாளுக்காக அம்மா நல்ல சட்டை ஒன்றைச் சுருக்கம் போக அழுத்தி வைத்தார். கரட், கிழங்கு, பருப்பு எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் என்னவென்று என்னைக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினார். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் அடுப்பைக் குறைத்துவிட்டுத் தலையைக் கோதிக்கொள்வார். மேல்தட்டில் இருந்த மாணவர்கள், தபால்காரர், விளம்பரத் தாள் போடுகிறவன் என்று எல்லோரும் ஏறினார்கள், இறங்கினார்கள். மதாம் வரவில்லை. ஒரு கிழமை போய் இன்னொரு கிழமையும் போனது. அப்பா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். நான் அப்போது கண்ட அம்மா போல வாடிய ஓர் அம்மாவைப் பிறகு ஒருநாளும் கண்டதில்லை.

டொலார்ட்டில் இருந்த முருகன் கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர் காரில் போனோம். அங்கேதான் டாக்டர் அக்காவைக் கண்டோம். கணவர் டாக்டர், அதனால் அந்தப் பெயர். சென்னையிலிருந்து வந்து வெகுகாலம் ஆகிவிட்ட பெண். அம்மா பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுக்கதையையும் ஒப்பித்தார். டாக்டர் அக்கா தலையில் கைவைத்தார்.

"ஐயோ, ஏங்க வேணாம்னு சொன்னீங்க? இங்கல்லாம் ஒரு தடவதாங்க கேப்பாங்க. வேணாம்னா வேணாம்தான். அதோட விட்டுடுவாங்க."

"ஒருக்காத்தானோ? வேலைக்குமோ?"

"கல்யாணத்துக்கே ஒரு தடவதாங்க கேப்பாங்க!"

 வீட்டுக்கு வந்ததும் அம்மா மேலங்கியைக் கழற்றவில்லை. "வா பிள்ளை" என்று என் கையைப் பிடித்தார். உறைந்த படியில் பக்கவாட்டாக இறங்கி, கீழ்வீட்டு மணியை அடித்தார். மதாம் கதவைத் திறந்தார்.

"வுய்" என்றார் அம்மா. ஆம்.

மதாம் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆம் என்றால்? எதற்கு ஆம்?"

போன மாதம் கேட்ட கேள்விக்கு என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. மதாமின் முகம் வாடியது. உண்மையாகவே வருந்தினார் என்றுதான் நினைக்கிறேன். அந்த வேலைக்கு வேறொரு பெண்ணை எடுத்தாயிற்று, ஏதாவது வந்தால் உங்களைக் கூப்பிடுகிறேன் என்றார்.

கூப்பிடுகிறேன் என்றாரே! அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த சில நாட்கள் தொலைபேசியைக் குசினி மேசைக்குக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு வெங்காயம் வெட்டினார். நான் தோழியோடு கதைக்க எடுத்தால் பறித்து வைத்துவிடுவார். ஒருநாள் மணி அடித்தது. டாக்டர் அக்கா, என்ன ஆயிற்று என்று விசாரிக்க எடுத்திருந்தார்.

"கூப்பிடறேன்னு சொன்னா கூப்பிடுவாங்கன்னு அர்த்தம் இல்லீங்க. மரியாதையா அனுப்பி வைக்கறாங்க, அவ்ளோதான்."

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழப்போகிறார் என்று நான் பயந்தேன். அழவில்லை. எழும்பி முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார்.

"சரி. அவையின்ர முறைப்படி ஒருக்காக் கேட்டாச்சு. இனி எங்கட முறைப்படி கேப்பம்."

"அதென்ன எங்கட முறை?" என்று படுக்கையிலிருந்து அப்பா கேட்டார்.

"முதல் சொல்லுற இல்லையை எங்கட சனம் ஒருநாளும் கணக்கில எடுக்கிறேல்லை. அது மரியாதைக்குச் சொல்லுறது. நான் சொன்னன், இப்ப அவ சொல்லியிருக்கிறா."

என் வயதுக்காரர்களே, இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஒரு நாட்டின் பழக்கம் தன்னைத் தோற்கடித்துவிட்டது என்று தெரிந்தும், தன் பழக்கத்தை அம்மா கைவிடவில்லை. அதையே கையில் எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாம் முறை மதாமைத் தெருவில் பிடித்தோம். டெப்பனரிலிருந்து, அதுதான் நம் மூலைக்கடை, பாலும் பாணும் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வேலை ஏதும் வந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னார். மதாமின் உதடு இறுகியது. "நான்தான் சொன்னேனே, இடம் இல்லை" என்றார். இந்த முறை கூப்பிடுகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. "சவா" என்றும் கேட்கவில்லை.

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "உமக்கு மானம் ரோசம் இல்லையே? இல்லை எண்டு சொன்ன மனுசியிட்டத் திரும்பத் திரும்பப் போறதோ? விடும்."

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்."

"இஞ்ச அழுதால் பொலிஸ்தான் வரும்."

"வரட்டும். அவைக்கும் தேத்தண்ணி போட்டுக் குடுப்பம்."

அப்பா மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தன்னால்தான் மனைவி வாசல் வாசலாக நிற்க வேண்டி வந்தது என்ற வருத்தம் அவருக்கு. அது கோபமாக வந்தது. அம்மா தாழ்ந்துபோகிறார் என்று அவர் நினைத்தார். ஆனால் அம்மா அந்த நாட்களில்தான் நிமிர்ந்து நடந்தார். உறைந்த படியில்கூடக் கம்பியைப் பிடிக்காமல் இறங்கத் தொடங்கியிருந்தார்.

பனி கரையத் தொடங்கியது. அந்த ஊர்ப் பனி கரையும்போது மாதக்கணக்காக விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் கக்கும். ஒற்றைச் சப்பாத்து, சிகரெட் கட்டைகள், யாரோ தொலைத்த வீட்டுத் திறப்பு என்று எல்லாம் வெளியே வரும். மார்கழியில் நான் தொலைத்து அடி வாங்கிய சிவப்புக் கையுறையும் எங்கள் படியடியில் சேற்றில் ஒட்டிக் கிடந்தது. ஒரு சனிக்கிழமை மதாம் அந்த இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். மேலிருந்து பார்த்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். நான் பின்னால் போனேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அம்மா என்னைக் கேட்கவிடவில்லை. கார்டெரியில் வேலை செய்ய விருப்பம் என்ற ஒரு வசனத்தை என்னிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தார். அதைத் தானே சொன்னார். உச்சரிப்பு எல்லாம் யாழ்ப்பாணத்து வடமராட்சிதான், ஆனாலும் ஒரு சொல்கூட விடவில்லை.

மதாம் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார். "இரண்டு முறை இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் உன் அம்மா திரும்பத் திரும்பக் கேட்கிறார்?"

நான் தமிழில் கேட்டேன். அம்மா மதாமின் கண்ணைப் பார்த்துத்தான் பதில் சொன்னார், நான் நடுவில் இல்லாததுபோல.

"எங்கட ஆக்கள் மூண்டு தரம் கேப்பினம். ஒருக்காக் கேட்டால் சும்மா சாட்டுக்குக் கேக்கிறது. மூண்டாந்தரமும் கேட்டால்தான் மனசாரக் கேக்கிறது. நான் மனசாரக் கேக்கிறன். எனக்கு வேலை வேணும். வடிவாச் சமைப்பன்."

சொன்னேன். மதாம் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்படியென்றால் நான் முதல் வந்து கேட்டேனே, அன்றைக்கு இவருக்கு விருப்பம் இருந்ததா?" என்று கேட்டார்.

"வுய்" என்றார் அம்மா. என் மொழிபெயர்ப்புக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"பிறகு ஏன் வேண்டாம் என்றார்?"

"நீங்கள் ஒருக்காத்தானே கேட்டனீங்கள்!"

மதாம் படியிலே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்தால் தெரு முழுக்கக் கேட்கும். முழங்காலில் அடித்து அடித்துச் சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்தபிறகு மதாம் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. சேலை கட்டி, இனிப்பையும் தொடாமல், தலையைச் சாய்த்து அம்மா வேண்டாம் என்றபோது, மேல்வீட்டுப் பெண் பெரிய இடத்தவர், என் சாப்பாடே அவருக்குப் பிடிக்கவில்லை, சமையல்காரி வேலை தனக்குக் குறைச்சல் என்று நினைக்கிறார் என்றே அவர் எண்ணியிருந்தாராம். அதனால்தான் பிறகு ஒதுங்கிப் போனாராம். பெரிய இடம்! உள்ளே நாங்கள் பருப்பும் சோறும் தின்றுகொண்டிருந்தோம்.

"புதிய பெண் வெள்ளிக்கிழமைகளில் வரமாட்டார்" என்றார் மதாம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வெள்ளிக்கிழமைகளில் நான்தான் சமைக்கிறேன். பிள்ளைகள் அழுகிறார்கள். அந்த ஒரு நாள் மட்டும் வருவாரா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் அவர் தலை ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. மதாம் விரலை உயர்த்தி, "ஒருமுறைதான் கேட்பேன்!" என்றார்.

"வுய், வுய், வுய்" என்றார் அம்மா. மூன்று முறைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமைச் சமையல் கோடை முடிவதற்குள் கிழமை முழுவதுக்கும் ஆகியது. அதற்குள் அப்பாவும் முதுகு தேறி, பண்டகசாலையில் பாரமில்லாத வேலைக்குத் திரும்பியிருந்தார். அம்மாவின் முதல் சம்பளத்தில் வாங்கிய விளைமீனைச் சாப்பிட்டபோது, "புளி கொஞ்சம் கூடிப்போச்சு" என்று அப்பா குறை சொன்னார். அவருடைய மன்னிப்பு அப்படித்தான் வரும். இரண்டாம் முறை கறி போட்டபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

கார்டெரிக்கு நான் விடுமுறை நாட்களில் போயிருக்கிறேன். குள்ள மேசைகள், குள்ளக் கதிரைகள், பாலும் ஈரக் காலுறையும் மணக்கும் அறை. நடுவில் அம்மா, கையில் அகப்பையோடு. மரக்கறி சூப்பைக் கண்டு ஒரு குழந்தை "நோன்" என்றால் மற்றப் பெண்கள் கோப்பையை எடுத்துவிடுவார்கள். அம்மா எடுக்கமாட்டார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி கேட்பார், இன்னொரு சுற்று வந்து மறுபடி கேட்பார். மூன்றாம் சுற்றில் அநேகமாக வாய் திறக்கும். திறக்காத வாயைக் கட்டாயப்படுத்தமாட்டார். "இது உண்மையான வேண்டாம்" என்று சொல்லிக் கோப்பையை எடுப்பார். உண்மையான வேண்டாமையும் மரியாதை வேண்டாமையும் பிரித்தறியத் தெரிந்த ஒரே சமையல்காரி அந்த மொன்றியல் தீவில் என் அம்மாதான் என்று நான் பெருமையாகச் சொல்வேன்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு அம்மா மதாமை வீட்டுக்கு அழைத்தார். வெளியே இலையெல்லாம் கொட்டி, குளிர் மறுபடி எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. மதாம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உதட்டுச் சாயம் பூசிய முகத்தோடு, எங்கள் குசினி மேசையில் வந்து உட்கார்ந்தார். கையில் எங்கள் சில்வர் தட்டு இருந்தது. முதல்நாள் முறுக்கு வைத்துக் கொடுத்தனுப்பியது. அதில் அந்த மேப்பிள் இனிப்பு, ஓரம் கருகி, இன்னும் சூடாக இருந்தது. அம்மா தட்டைப் பார்த்தார். வாங்கி மேசை நடுவில் வைத்தார். நான் அவருடைய அனுமதிக்குக் காத்திருக்காமல் ஒரு துண்டு எடுத்துவிட்டேன், கண்டும் காணாததுபோல் இருந்தார்.

பிறகு அம்மா பயத்தம் பணியாரத் தட்டை எடுத்து மதாமிடம் நீட்டினார்.

"நோன், மெர்சி" என்றார் மதாம்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். மதாமுக்குப் பிடிக்காத பண்டமில்லை அது. கார்டெரியில் அம்மா கொண்டுபோனால் முதல் கை அவருடையதாகத்தான் இருக்கும்.

அம்மா மறுபடி நீட்டினார். "கொஞ்சம் எடுங்கோ, மதாம்."

"நோன், நோன்" என்றார் மதாம். தலையைச் சற்றே சாய்த்து, கன்னத்தில் கைவைத்து, சிரித்தார். பிறகு இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தார்.

அம்மா தட்டை மூன்றாம் முறை நீட்டினார்.

மதாம் இரண்டு எடுத்துக்கொண்டார்.